பேர் போன ஊர்கள்

சித்திரை பிறந்துவிட்டால் நாளிதழ்களின் உள்பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் முளைக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நாலு பெயர். எதிரே மில்லியன் கன அடியில் நாலு எண். சென்னையில் இருப்பவர்களில் பலருக்குச் சோழவரம் என்றால் அந்தக் கட்டத்தின் இரண்டாவது வரிதான். முழுக் கொள்ளளவு 1,081. கோடையில் நூறுக்குக் கீழே போனால் கவலை, ஐப்பசியில் எண்ணூறைத் தாண்டினால் நிம்மதி. அந்த எண்ணுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜி.என்.டி. ரோட்டில் பஸ் நிற்கிறது என்பதெல்லாம் யாருக்கும் தோன்றுவதில்லை.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு நான் ஷிஃப்ட் வண்டியில் போய்வந்த காலத்தில், வெளியூரிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருவன் காரனோடைப் பாலத்தில் வண்டி ஏறும்போது கேட்டான்: "அண்ணே, இந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கு?" நான் யோசிக்காமல் சொன்னேன்: "ஒண்ணும் இல்லடா. மெட்ராஸ்தான் போகணும்." ஜன்னலுக்கு வெளியே கொசஸ்தலை ஆறு மணலாகக் கிடந்தது. அந்தப் பதிலை நினைத்துப் பிற்பாடு பல தடவை வெட்கப்பட்டிருக்கிறேன். இந்தக் கட்டுரையை அந்தப் பையனுக்குத் தாமதமாகச் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் மாநிலப் பெருமையை வண்டியின் நம்பர் பிளேட்டிலேயே எழுதி ஓட்டுகிறார்கள். ரைட் சகோதரர்கள் ஒஹையோக்காரர்கள், டேட்டன் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். விமானம் பறந்ததோ 1903 டிசம்பர் 17 அன்று வட கரோலினாவின் கிட்டி ஹாக்கில். அங்கே காற்றும் மணலும் தோதாக இருந்தன. இன்று இரண்டு மாநில பிளேட்டுகளும் அந்தப் பெருமையைச் சொந்தம் கொண்டாடுகின்றன. செய்தவன் ஊருக்குப் பெருமையா, நடந்த ஊருக்குப் பெருமையா என்று அவர்களுக்குள் தீராத வழக்கு. எங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு வழக்கு எழவே இல்லை. இங்கே நடந்தது எல்லாம் ஏட்டில் ஏறித்தான் இருக்கிறது. ஏட்டின் மேலட்டையில் எழுதியிருக்கும் பெயர் மட்டும் மெட்ராஸ்.

எல்லாவற்றிலும் பழையதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதக் கை செதுக்கிய கைக்கோடாரி அது. பாடப் புத்தகத்தில் இதுவரைதான் வருகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் உடன் வேலை பார்த்த வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்துக்கு வந்தார்கள். பல்லாவரத்தில் கிடைத்தது கைப்பிடி என்றால் இங்கே கிடைத்தது களஞ்சியம். குவார்ட்சைட் கல்லில் செய்த கருவிகள் ஓடைக்கரையில் இறைந்து கிடந்தன. தென்னிந்தியாவின் பழங்கற்காலக் கைக்கோடாரி மரபுக்கே பிறகு 'மெட்ராஸ் மரபு' என்று பெயர் வைத்தார்கள். உலகத் தொல்லியல் நூல்களில் அந்தப் பெயர்தான் நின்றுவிட்டது. மெட்ராஸ் என்ற ஊருக்கு அப்போது வயது இருநூற்றுச் சொச்சம். கல்லுக்கு?

அதற்கு விடை வர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. சாந்தி பப்பு தலைமையிலான குழு 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் முறையாகக் குழி தோண்டி, அடுக்கடுக்காக மண்ணைப் பிரித்துப் பார்த்தது. மிக அடியில் இருந்த கருவிகளுக்குச் சராசரியாக 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். மேலடுக்கில் இருந்தவை வேறு வகை. கல்லை முதலில் ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஒரே தட்டில் தேவையான சில்லைப் பெயர்த்தெடுக்கும் நுட்பம் அவற்றில் தெரிந்தது. அது 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே தொடங்கிவிட்டது என்று 2018இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து நவீன மனிதன் கிளம்பி வந்துதான் அந்த நுட்பத்தை இந்தியாவுக்குக் கொண்டுவந்தான் என்று அதுவரை நம்பப்பட்ட கணக்கு, ஒரு வேலிகாத்தான் புதர் நடுவே தோண்டிய குழியால் ஆட்டம் கண்டது. பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நான் போன அன்று என்னைத் தவிரப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேர் இருந்தார்கள். அவர்களும் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

குறும்பர் கதையைச் சொல்லாவிட்டால் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் புழல் ஒன்று. அங்கே குறும்பர் தலைவர்கள் கோட்டை கட்டி ஆண்டார்கள், ஆதொண்டைச் சக்கரவர்த்தி அவர்களை வென்று, கோட்டையிலிருந்த இரண்டு எருக்கந் தூண்களைப் பெயர்த்து வந்து திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் நட்டான் என்பது கதை. தூண்கள் இருக்கின்றன. எருக்கஞ்செடி தூண் ஆகிற அளவுக்குப் பருக்குமா என்று கேட்டால் அர்ச்சகர் சிரிப்பார். காலின் மெக்கன்சி சேகரித்த சுவடிகளிலும் குறும்பர் கதை வருகிறது. ஆனால் அது பதிவான வாய்மொழிதான். கல்வெட்டைப் போல அதன்மேல் சுமை ஏற்ற முடியாது. தோற்றவர்களை யாரோ ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்ற அளவில் அதை மதிக்கலாம்.

பழவேற்காட்டுக்கு வந்தால் சுமை ஏற்றத் தாராளமாக ஆவணம் உண்டு. இங்கே சற்று நின்றுதான் போகவேண்டும். ஏனென்றால் இந்த ஊர் இடம் கொடுத்திருந்தால் சென்னை என்ற நகரமே எழுந்திருக்காது.

டச்சுக்காரர்கள் விஜயநகரத்து இரண்டாம் வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கிடங்கு போட்டார்கள். சாந்தோமிலிருந்த போர்த்துகீசியர் 1612இல் வந்து அதைத் தாக்கினார்கள். அதன் பிறகு 1613இல் எழுந்தது கெல்டிரியா கோட்டை. அப்போதைய டச்சுத் தலைவர் வெம்மர் வான் பெர்ஷெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுத் தலைமையிடம் 1690 வரை இதுதான், அதன் பிறகே நாகப்பட்டினத்துக்கு மாறியது. நாணயச்சாலை இருந்தது. வெடிமருந்து ஆலை இருந்தது. இங்கே இடித்த மருந்து கீழைக் கடல்களின் டச்சுப் பீரங்கிகளுக்கெல்லாம் போயிற்று. ஆங்கிலேயர்களும் வந்தார்கள். 1611இல் 'குளோப்' என்ற அவர்களுடைய கப்பல் வந்தபோது, டச்சுக்காரர்களுக்குத் தனியுரிமை கொடுத்தாகிவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டது. 1621இல் ஐரோப்பாவில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் மறுபடி வந்து டச்சுக்காரர்களின் நிழலில் சில காலம் ஒண்டுக் குடித்தனம் நடத்தினார்கள். ஒத்துவரவில்லை. வடக்கே ஆர்மகானுக்குப் போனார்கள், அங்கேயும் வியாபாரம் சரிப்படவில்லை. அங்கிருந்து ஃபிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடி இறங்கி, 1639இல் மதராசப்பட்டினத்து மணல்திட்டைக் கேட்டு வாங்கினார். நல்ல கடையில் இடம் கிடைக்காமல் தெருக்கோடியில் பெட்டிக்கடை போட்டவன் கதைதான். பெட்டிக்கடை மாநகரம் ஆகிவிட்டது. நல்ல கடை இருந்த இடத்தில் இப்போது அகழியும் முட்செடியும் மேடும்.

பழவேற்காட்டுக் கதையைச் சொல்லும் பலர் கல்லறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் காவல் நிற்கும். உள்ளே பதினேழாம் நூற்றாண்டுத் தளக்கற்களில் கப்பலும் குலச் சின்னமும் பூவேலையும் அச்சுக் கோத்ததுபோல் இருக்கும். படம் பிடிக்கத் தோதான இடம்தான். அந்தக் கற்களுக்கு அடியில் கிடக்கும் வணிகர்கள் துணியும் வெடிமருந்தும் மட்டும் விற்கவில்லை. பஞ்சம் வந்த ஆண்டுகளில், சோற்றுக்கு வழியில்லாமல் தன்னையும் பிள்ளைகளையும் விற்ற இந்தக் கரையின் ஜனங்களை அடிமைகளாக வாங்கிப் பத்தாவியாவுக்குக் கப்பல் ஏற்றினார்கள். ஏற்றுமதிப் பட்டியலில் துணிப் பொதிகளோடு அவர்களும் எண்ணிக்கையாக வருகிறார்கள். அவர்களுக்குப் பழவேற்காட்டில் ஒரு கல்லும் கிடையாது. 1824 ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டு ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது அதன் கடை கட்டியாகிவிட்டது.

இனி துணி. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. உள்ளூரில் பெயரைத் தொலைத்த பழவேற்காடு, வெளிநாட்டில் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் ஆண்கள் வீட்டிலும் தொழுகைக்கும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'கெயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது புலிக்காட், அதாவது பழவேற்காடு. ஆங்கில அகராதியில் 'புலிக்கேட்' என்றால் வண்ணக் கட்டம் போட்ட கைக்குட்டை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து நெசவாளிகள் அதைப் பார்த்து நெய்து, அதே பெயரில் விற்றார்கள். தமிழில் 'பாளையக்காட்டு லுங்கி' என்று மருவி, ஊரை ஞாபகப்படுத்தாத பெயராகிவிட்டது. என்னோடு வேலை பார்த்த ஒருவரின் மைத்துனர் ஜோகூரிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு கைலி கொண்டுவந்தார். ஊதா, பச்சை, நடுவில் வெள்ளை இழை. பிளாஸ்டிக் உறையில் தங்க நிறத்தில் அந்தப் பெயர். "ஃபாரின் சரக்கு, சாயம் போகாது" என்றார். பொன்னேரியில் உட்கார்ந்துகொண்டு பழவேற்காட்டு லுங்கியை ஃபாரின் சரக்கு என்று வாங்கிக்கொண்டேன்.

சாயம் போகும் துணிக்கும் ஒரு காலம் இருந்தது. இந்தக் கரையில் நெய்த கட்டத் துணி மேற்கு ஆப்பிரிக்காவில் 'உண்மையான மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரில் விலை போயிற்று. நைஜீரியாவின் கலபாரி மக்கள் பிறப்புக்கும் இறப்புக்கும் அதைத்தான் எடுத்தார்கள். அமெரிக்காவிலோ 1950களின் கடைசியில் அதே வகைத் துணியில் தைத்த சட்டையைத் துவைத்தவர்கள் சாயம் ஒழுகுகிறது என்று சண்டைக்கு வந்தார்கள். வியாபாரிகள் மன்னிப்புக் கேட்கவில்லை. சாயம் போவதுதான் இதன் விசேஷம், ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம் என்று விளம்பரம் செய்தார்கள். 'ப்ளீடிங் மெட்ராஸ்' கல்லூரிப் பையன்களின் கௌரவச் சின்னமாகிவிட்டது. பார்த்தீர்களா, இங்கேயும் மெட்ராஸ்.

செங்குன்றத்துக்கு வருவோம். இந்தியாவின் முதல் ரயில் எது என்று கேட்டால் குழந்தை கூட 1853, பம்பாய்–தானே என்று சொல்லும். அது முதல் பயணிகள் ரயில். அதற்குப் பதினாறு ஆண்டு முன்பே, 1837இல், செங்குன்றத்தில் இருப்புப் பாதை போட்டாகிவிட்டது. ஏற்றியது ஆட்களை அல்ல, கல்லை. மெட்ராஸ் சாலைகளுக்குக் கொட்டச் செம்புரைக் கல் வேண்டியிருந்தது. அது செங்குன்றத்தில் மண்ணுக்கு மேலேயே கிடந்தது, ஊரின் பெயரே அதைச் சொல்கிறது. பிற்காலத்தில் கோதாவரி அணையால் புகழ்பெற்ற ஆர்தர் காட்டனின் முயற்சி இது. நீராவி எந்திரம் ஒன்றையும் சோதித்துப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் பாதை கைவிடப்பட்டது, தண்டவாளம் போன இடம் தெரியவில்லை. 'முதல் ரயில் எங்களுடையது' என்று அரிசி ஆலைகளுக்கும் லாரி ஷெட்டுகளுக்கும் நடுவே ஒரு பலகை வைக்கலாம், தப்பில்லை. பொருத்தம் இன்னொன்றும் உண்டு. 1863இல் ஃபுட் கல்லாயுதங்களைத் தேடிப் போனதும் இதே செம்புரைப் படுகைகளைப் பின்பற்றித்தான். ஒரே சிவப்புக் கல், ஒருவருக்குச் சாலை ஜல்லி, இன்னொருவருக்கு லட்சக்கணக்கான ஆண்டு.

தண்ணீர்க் கதைதான் சோழவரத்தின் சொந்தக் கதை. மெட்ராஸ் நகரம் 1772 முதல் ஏழு கிணற்றை நம்பியிருந்தது. அது கோட்டைக்கே காணாது. ஃபிரேசர் என்ற பொறியாளர் ஒரு திட்டம் கொடுத்தார். தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலை ஆற்றைத் தடுப்பணை கட்டித் திருப்பி, சோழவரம் ஏரிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கு விட்டு, செங்குன்றத்திலிருந்து மண் வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு இறக்குவது. 1872இல் தண்ணீர் ஓடிற்று. திறந்த வாய்க்கால், மாடு குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் அதே வழியில் வடிகட்டாமல் நகரத்துக்குப் போயிற்று. நாற்பது ஆண்டு கழித்து மேட்லி என்ற பொறியாளர் வந்து மூடிய கால்வாயும் கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டும் நிலையமும் கட்டினார். அது 1914இல் இயங்கத் தொடங்கியது. தி. நகரில் மேட்லி சாலை இருக்கிறது. சோழவரத்தில் அவர் பெயரில் ஒன்றும் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

அதுவரை சோழவரம் ஏரி வயலுக்குப் பாய்ந்த ஏரி. குடிநீருக்கு என்று ஆன பிறகு மதகின் சாவி ஊரார் கையை விட்டுப் போயிற்று. பெரிய சண்டை, சத்தியாக்கிரகம் என்று எதுவும் நடக்கவில்லை. ஏரி பெரிதாயிற்று, ஆயக்கட்டு சிறிதாயிற்று, அவ்வளவுதான். இன்றும் ஏரிக்கரைமேல் நடந்தால் ஒரு பக்கம் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர் விரிந்து கிடக்கும். மறுபக்கம் கரையடித் தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாகக் குழாயடியில் உட்கார்ந்திருக்கும். வெளியூர்க்காரருக்கு அது அதிசயம், இங்கே பிறந்தவர்களுக்குப் பழக்கம்.

மெட்ராஸ் மேயராக 1939–40இல் இருந்த சத்தியமூர்த்தி நகரத்தின் தாகத்துக்குப் பூண்டியில் அணை வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கட்டி முடித்தது 1944இல், 65 லட்சம் ரூபாய் செலவில். அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தின ஆண்டு மார்ச்சில் காலமாகிவிட்டார். அணைக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்று பெயர். அந்தத் தண்ணீருக்கு அடியில் ஒரு பாடல் பெற்ற தலம் போயிற்று. சங்கிலியாரைப் பிரிந்து திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதால் பார்வை இழந்த சுந்தரர், திருவெண்பாக்கத்தில் சிவனிடம் கண் கேட்க, அவர் ஊன்றுகோல் மட்டும் கொடுத்தார் என்பது புராணம். அந்தக் கோயிலை நீர்த்தேக்கத்துக்காகப் பெயர்த்துப் பூண்டியில் புதிதாகக் கட்டி 1968இல் குடமுழுக்குச் செய்தார்கள். ஊன்றீசுவரர் என்று பெயர். குருடனுக்குக் கோல் கொடுத்த சாமியே இடம் மாறவேண்டி வந்தது.

பூண்டியும் போதவில்லை. 1960களில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வு, ஆரணியாற்றுக்கும் கொசஸ்தலைக்கும் இடையே மண்ணுக்கடியில் நல்ல நீர்ப்படுகை இருப்பதைக் காட்டிற்று. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று ஆழ்குழாய்க் கிணறுகள் வரிசையாக இறங்கின. இறைத்த இறைப்பில் கடல்நீர் உள்ளே ஏறிவிட்டது. மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகள் உவர்த்துப்போயின. அதற்குப் பிறகும் நெல் போட்டவர்கள் சிலர் நெல்லை விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டுத் தண்ணீரையே லாரிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் விற்றார்கள். தண்ணீர்தான் இங்கே கடைசியாக விளைந்த பயிர். 1983 ஒப்பந்தப்படி கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டை எல்லை தாண்டி 1996இல் பூண்டிக்கு வந்ததும், மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்ததும், 2020இல் கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை ஏரி திறந்ததும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். உப்பேறிய அதே பகுதியிலேயே கடல்நீரை நன்னீராக்கும் ஆலையை வைத்ததில் ஒரு குரூரமான நேர்த்தி இருக்கிறது.

நிலம் தட்டையாக இருந்ததால் வந்த வினைகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் வங்காள விரிகுடாவில் இறங்கிவிடுவான் என்ற பயத்தில் சோழவரத்தில் விமானத் தளம் போட்டார்கள். செங்குன்றம் ஏரியில் கேட்டலினா என்ற கடல் விமானங்கள் தண்ணீரிலேயே இறங்கி ஏறின. நகரம் குடிக்கிற தண்ணீரில் போர் விமானம் நீந்தியது. போர் முடிந்தது, ஓடுதளம் மிஞ்சிற்று. ஆங்கில 'டி' எழுத்துபோல் இரண்டு நீளக் கான்கிரீட் பட்டைகள்.

1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாயிற்று. அதன் முன்னோடிகளில் ஒருவர் இந்து சந்தோக். ராணுவத்திடம் அனுமதி வாங்கி, அந்த ஓடுதளத்தில் பந்தயம் விட்டார்கள். 1980களின் இறுதிவரை இந்தியக் கார் பந்தயத்துக்குச் சோழவரம்தான் திருவிழா மைதானம். கோண்டல் மகாராஜா இறக்குமதிக் காரோடு வருவார். கோவையிலிருந்து கரிவரதன் தானே வடிவமைத்த வண்டியோடு வருவார். விஜய் மல்லையா ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய என்சைன் காரை இங்கே ஓட்டினார். கடனும் வழக்கும் பிற்காலத்துச் சங்கதி. இவர்களுக்கு நடுவே மாசக் கணக்காகக் கழற்றிப் பூட்டிய ஃபியட்டும் ஹெரால்டும், ராஜ்தூத், யெஸ்டி மோட்டார்சைக்கிள்களும்.

என் சித்தப்பா அந்தப் பந்தயத்துக்குப் போகாத ஆண்டில்லை. டிக்கெட் வாங்கி அல்ல. வேலியோரம் தெரிந்த ஆள் உண்டு. அவர் சொல்லும் பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்பதே வராது. சத்தம் வரும், ரப்பர் தீயும் வாடை வரும், டயர் அடுக்கில் மோதி நின்ற காரைத் தள்ளிவிட ஓடிய பையன்கள் வருவார்கள். "ஃபிப்ரவரியில ரெண்டு நாளு. அந்த ரெண்டு நாளு மட்டும் ஊர்ல மாடு பால் கறக்காதுடா, அவ்ளோ சத்தம்" என்பார். மோர் விற்றவர்களும் வேர்க்கடலை விற்றவர்களும் அந்த இரண்டு நாள் வரும்படியில் பிள்ளைக்குப் புஸ்தகம் வாங்கினார்கள் என்பார். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் திறந்ததும் திருவிழா அங்கே போய்விட்டது. நரேன் கார்த்திகேயன் 2005இலும், இந்து சந்தோக்கின் பேரன் கருண் 2010இலும் ஃபார்முலா 1 ஓட்டினார்கள். அந்த வம்சாவளியின் முதல் ஏடு சோழவரத்தில் இருக்கிறது. பந்தயக்காரர்களின் பழங்கதைகளில் மட்டும் ஊர்ப்பெயர் தப்பிப் பிழைத்திருக்கிறது. அங்கேயும் சேர்த்துத்தான் சொல்வார்கள், 'சோழவரம், மெட்ராஸ்'.

எல்லைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆந்திரம் பிரிந்த பிறகு ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் பரிந்துரை, 1959 சட்டம் என்று போய், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நமக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு அவர்களுக்குப் போயிற்று. திருத்தணி மண்ணில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் அப்போது குடியரசுத் துணைத் தலைவர். அவர் டில்லியில் இருந்தபடியே பிறந்த ஊர் மாநிலம் மாறிவிட்டது. கொடுத்த சத்தியவேட்டில்தான் இன்று ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்திருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் குடியிருந்துகொண்டு அங்கே வேலைக்குப் போகிறவர்கள் தினமும் காலையில் ஒரு மாநிலம் தாண்டி, ராத்திரி திரும்புகிறார்கள். பழவேற்காட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பும் நாளில் மொட்டைமாடியில் நின்று நாங்கள் கைதட்டுவோம். அன்றைக்குப் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது.

தொழிற்சாலைகளை வரிசைப்படுத்தினால் இது விளம்பரப் பிரசுரம் ஆகிவிடும். ஒரே ஒரு சங்கதி. ஆவடி என்பது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள், 'கவச வாகனக் கிடங்கு' என்று பொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சமதர்மப் பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்ட காங்கிரஸ் மாநாடு ஆவடியில் 1955இல் நடந்தது. முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது 1965இல். பெயர் முந்தியது, டாங்கி பிந்தியது. கும்மிடிப்பூண்டி என்றதும் இரும்பு உலைகளை மட்டும் நினைப்பவர்களுக்கு இன்னொன்று: 1990இல் படகேறி வந்த ஈழத்தமிழர்களுக்கு அங்கே முகாம் போட்டார்கள். இன்னும் இருக்கிறது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பிள்ளைகள் பிறந்திருக்கிறார்கள்.

1997 ஜனவரி 1 அன்று செங்கல்பட்டிலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. ஒரு வழியாக இந்த வட்டாரத்துக்கு என்று ஒரு பெயர் கிடைத்தது என்று நினைத்தோம். 2018இல் அம்பத்தூர், மாதவரம், திருவொற்றியூர், மதுரவாயல் வட்டங்களைச் சென்னை மாவட்டம் எடுத்துக்கொண்டது. புல்லட் மோட்டார்சைக்கிளின் திருவொற்றியூரும் அதோடு போயிற்று.

நல்லதெல்லாம் சென்னைக் கணக்கில் ஏறியது என்று இவ்வளவு நேரம் புலம்பிவிட்டேன். மாற்றுக் கணக்கு ஒன்று உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. எங்கள் மாவட்டத்து ஊர் ஒன்றின் பெயரைச் சென்னை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது, நாள் தவறாமல் உச்சரிக்கிறது. கடம்பத்தூருக்கு அந்தப் பக்கம் கூவம் என்று ஒரு கிராமம். சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அதுதான். துறைமங்கலம் சிவப்பிரகாசர் பதினேழாம் நூற்றாண்டில் அதன்மேல் 'திருக்கூவப் புராணம்' எழுதினார். மழை மிகுந்து வருமானால் லிங்கம் வெளுக்கும், போர் வருமானால் சிவக்கும் என்பது ஐதீகம். அர்ச்சகர்கூடக் கை வைக்காத தீண்டாத் திருமேனி. அதன் பக்கத்தில் ஓடும் ஆறு கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையிலிருந்து பிரிந்து வருவது. நான் போனது கார்த்திகை. கணுக்கால் அளவு தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது, அடியில் மணல் தெரிந்தது, ஒரு பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

கோயில் வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம், மெட்ராஸில் கூவம் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன். தெரியாமல் என்ன என்றார். அவருடைய மகள் சென்னையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாளாம். சொந்த ஊர் எது என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேட்டால், "கடம்பத்தூர் பக்கம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாளாம்.